நான்காவது கம்பம்

வானிலைக் குறிப்பேடு. ஏழாம் நிலையம், சனிக்கோளின் நிலா டைட்டன்.
எழுதுபவர்: சங்கரவேல். நிலையத்தில் ஆள்: ஒருவர்.

நாள் 212, 07:00
வெப்பம் கழித்தல் 179. மீத்தேன் தூறல். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளக்கும் கருவி இன்னும் பழுது. கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்ட விளக்குக் கம்பங்களை ஜன்னல் வழியே எண்ணி எழுதுகிறேன். நான்கும் தெரிந்தால்தான் தலைமை நிலையத்திலிருந்து விமானம் கிளம்பலாம். இன்று மூன்று. பயணம் ரத்து.

நாள் 213, 07:00
மூன்று. ரத்து, ஐந்தாவது முறை.
உணவு நூறு நாளைக்கு இருக்கிறது. அவசரம் விமானத்துக்கு இல்லை, எனக்குத்தான். மனித முகம் பார்த்து ஐந்து மாதமாகிறது. விமானி ஸ்டெல்லா வந்தால் தேநீர் குடித்து, தூத்துக்குடிக் கதை பேசிவிட்டு, மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள். அது போதும்.

நாள் 214, 07:00
இரண்டு கம்பம்.
நான்கு என்று அனுப்பினேன். முன்பும் ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

07:20
ஸ்டெல்லா: “கெளம்பிட்டேன் அண்ணாச்சி. தண்ணி கொதிக்க வையுங்க.”
இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தேன்.

08:45
ஒரு கம்பம். திரும்பிப் போ என்று சொல்ல மனம் வரவில்லை. தெளிந்துவிடும்.

09:05
சொல்லிவிட்டேன். தாமதம்.
“நாலு தெரியுதுன்னுதான சொன்னிய? எனக்கு என் றெக்கையே தெரியல. பனி வேற கட்டுது...”

09:12
நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் மோதிவிட்டாள். உயிர் இருக்கிறது.
“காலு மாட்டிக்கிட்டு. காத்து ஆறு மணி நேரம் வரும். ஒங்க மேல தப்பில்ல அண்ணாச்சி, சட்டுன்னு மாறிட்டு போல.”
என்னிடம் வண்டி இல்லை. நடந்தால் பாதி வழியில் என் உடுப்பில் காற்று தீரும். அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

09:30
தலைமை நிலையம்: “மீட்பு விமானம் ரெடி. ரெண்டு பேர் வர்றாங்க. எத்தனை கம்பம் தெரியுது?”
ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றே அனுப்பினேன்.
“அப்ப இப்போதைக்கு முடியாது. தெளியட்டும்.”

13:50
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறாள். “இப்ப எத்தன, அண்ணாச்சி?”
ஒன்று. பிறகு மறுபடி ஒன்றுமில்லை.

15:40
நான்கு.
விமானம் கிளம்பிவிட்டது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். நான்கும் தெரிகிறது ஸ்டெல்லா, நான்கும் தெரிகிறது என்று மூன்று முறை சொன்னேன்.

16:30
இன்னும் பதில் இல்லை.
இதைப் படிப்பவருக்கு ஒரு திருத்தம். நாள் 214, காலை ஏழு மணிக்குத் தெரிந்தவை இரண்டு.