எனாமலுக்கு மேல் மழை வானம்

ஜூன் 3

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தை மட்டும், "இந்த மனுஷன் வாயைத் திறந்தாலே பொய்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளும் நலம் என்றுதான் அர்த்தம்.

நூலகத்தின் முகப்புச் சுவர் முழுக்க நீ படம் போடப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னதும் தெருவையே கூட்டிவிட்டேன். "பெயின்டர் ரத்தம்டா, சும்மாவா!" என்றேன்.

பழந்துணி, செய்தித்தாள், மணல் எல்லாம் ஒட்டி, மேலே வண்ணம் குழைத்துப் பூசினால் நிற்குமா என்று கேட்டிருக்கிறாய். யாரிடம் கேட்கிறாய்! ஒரு பணக்காரர் மாளிகையில் கூரை முழுக்கப் பட்டுத்துணி ஒட்டிப் பூசியவன் நான். பார்க்க வந்த வெளிநாட்டுக்காரன் மயங்கி விழுந்தான், தண்ணீர் தெளித்து எழுப்பினோம். முதலில் சுவருக்குப் பளபளவென்று எனாமல் அடி. ஈரம் அண்டாது. அதன்மேல் துணியை ஒட்டி உன் தண்ணீர் வண்ணத்தைப் பூசு. நீலத்தில் துளி ஆரஞ்சு விட்டால் மழைக்கு முந்தைய வானம் வரும். அதிகம் விட்டால் சேறுதான்.

உன் மாமா


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

ஆரஞ்சு பலித்தது! அட்டையில் பூசிப் பார்த்தேன், அசல் மழை வானம்.

ஆனால் எங்கள் ஓவிய ஆசிரியை எனாமல் வேண்டாம் என்கிறார். வழவழப்பான எண்ணெய்ப் பூச்சின்மேல் தண்ணீர் வண்ணம் பிடிக்காது, உரிந்துவிடுமாம். நீங்கள் செய்து பார்த்ததுதானே? எனக்குக் கிடைத்த முதல் சுவர், மாமா. இது நன்றாக வந்தால் நூலகத்தின் புதுக் கட்டடச் சுவரும் எனக்கே என்றிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 16

மருமகளே,

"டீச்சரம்மா, நீங்க சாரத்துல ஏறியிருக்கீங்களா?" என்று கேள். வாயடைத்துப் போவார். அந்த மாளிகைக் கூரையை இன்றைக்குச் சுரண்டினாலும் துணிதான் கிழியும், வண்ணம் அசையாது. கண்ணை மூடிக்கொண்டு அடி. திறப்பு விழாவில் முன்வரிசையில் எனக்கொரு நாற்காலி போடச் சொல்.

மாமா


ஜூலை 20

மாமா,

அத்தைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் விழாவுக்கு வராததே நல்லதாகப் போயிற்று.

நூலகத் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வானத்தின் ஒரு மூலை சுருண்டது. யாரோ ஒரு குழந்தை விளையாட்டாக இழுத்தது. பாயைச் சுருட்டுவதுபோலத் துணியும் தாளும் வண்ணமுமாக மொத்தமும் சரிந்தது. பின்னால் உங்கள் எனாமல் மட்டும் பளபளத்தது. யாரும் சிரிக்கக்கூட இல்லை. தலைவர் என்னைப் பார்க்காமல், "சரி, டீ சாப்பிடலாம்" என்றார். ஆசிரியை, "அன்னைக்கே சொன்னேனே" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த மாளிகைக் கூரை உண்மையா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒன்று எழுதுங்கள்.


ஜூலை 26

அன்பு மருமகளே,

பசை போலி, அவ்வளவுதான். போதாததற்கு ஊர்க்கண் வேறு. மாளிகையைக் கேட்டாய். அதன் வாசலே நம் தெரு அகலம்! பாழாய்ப்போனவர்கள் இடித்துவிட்டார்கள், இல்லாவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன். நீ கவலைப்படாதே. தானாக உரிவதுதான் இப்போது புது ஃபேஷன், என் மருமகள் வேண்டுமென்றே அப்படிச் செய்தாள் என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன்.

மாமா


ஆகஸ்ட் 1

மாமா,

புதுக் கட்டடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா, டீச்சர் சொல்றபடி செய்" என்று நீங்கள் சொல்லியிருந்தால், உங்கள் மேல் எனக்கு இருந்த மதிப்பில் ஒரு துளியும் குறைந்திருக்காது.


ஆகஸ்ட் 9

மருமகளுக்கு,

அத்தை என்னோடு பேசுவதில்லை. அந்தச் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். நான் வருகிறேன். கூலி வேண்டாம். எனாமலைத் தேய்த்தெடுத்து, பட்டி பூசிச் சமப்படுத்தி, வெள்ளையடிப்பேன். அது எனக்குத் தெரியும். அது நிஜமாகவே தெரியும்.

மாமா


ஆகஸ்ட் 14

சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. நானே அடித்தேன்.

நீங்கள் வர வேண்டாம்.