‘டிலே’ என்றொரு பழஞ்சொல்

பிப்ரவரி 11, செவ்வாய்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் கடிதம் எழுதுகிறேன். முதலாளி மாதவராஜுக்கு என் பட்டத்தின் மேல் அபார மரியாதை. டீயை மட்டும் நான்தான் ஊற்ற வேண்டும்.

இன்று குள்ளம்மாள் மறுபடி வந்தார். கிரஷரை ஒட்டித்தான் அவர் தக்காளித் தோட்டம். கையில் ஒரு செடி, இலையும் பூவும் கல்தூசியில் மாவு பூசினாற்போல.

“பூவுல காய் புடிக்கலீங்க சார். வூட்டுக்காரரு ஓயாம இருமறாரு. தண்ணியாச்சும் தெளிங்க.”

மாதவராஜ் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வெள்ளையா, அழகாத்தான் இருக்கு,” என்றார்.

பிப்ரவரி 20

குள்ளம்மாள் மனு கொடுத்துவிட்டார். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார்.

“சமரீன், தூசியைக் குறைச்சிட்டோம்னு எழுதும்மா,” என்றார் மாதவராஜ்.

“குறைக்கலையே சார்?”

“அதனாலதான் உன்னை எழுதச் சொல்றேன். சாதா இங்கிலீஷ் வேணாம். வெள்ளைக்காரன் காலத்துதா இருக்கட்டும். படிக்கிறவன் கேள்வி கேக்கவே கூச்சப்படணும்.”

பிப்ரவரி 21

அகராதியோடு ஒரு நாள். தணிக்க, குறைக்க, ஆற்ற — வெள்ளைக்காரன் எத்தனை சொல் வைத்திருந்து கைவிட்டிருக்கிறான்! அஸ்லேக். அட்டெம்பர். மீஸ். லெனிஃபை. மாதவராஜ் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

“லெனிஃபை போடு. மருந்து பேரு மாதிரி இருக்கு.”

ஆக, குள்ளம்மாள் வீட்டுக்காரரின் இருமல் லெனிஃபை ஆகிவிட்டது. அவருக்குத்தான் விஷயம் தெரியாமல் இன்னும் இருமுகிறார்.

பிப்ரவரி 22

பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குள்ளம்மாள் செடிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். மொத்தத் தோட்டத்தையும்.

சே! என்ன எழுதிக்கிட்டிருக்கேன் நான்? யாருக்காக?

அகராதியை மறுபடி புரட்டினேன். ‘டிலே’. நாமறிந்த தாமதம் இல்லை. அதே எழுத்தில் இன்னொரு சொல், வழக்கொழிந்து பல நூறு வருஷம் ஆனது. பொருள்: தணித்தல், காரம் குறைத்தல்.

கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஊர் மக்களின் குறைகளை இரண்டு ஆண்டுகளாக நாங்கள் விடாமுயற்சியுடன் டிலே செய்து வருகிறோம்.

“டிலேன்னா லேட்டுதானே?” என்றார் மாதவராஜ்.

அகராதியை நீட்டினேன். பழைய அர்த்தத்தை விரல் வைத்துப் படித்தார்.

“அவ்ளோ பழசா? அப்ப இருக்கட்டும்.” கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 6, வியாழன்

விசாரணை. நோன்பு வேறு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அதிகாரி படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

“ரெண்டு வருஷமா ஜனங்க குறையை டிலே பண்றீங்க. அதுவும் விடாமுயற்சியோட. கையெழுத்து உங்களுதுதானே?”

“ஐயா, அது பழைய இங்கிலீஷுங்க. டிலேன்னா தணிக்கிறதுங்க.”

“சரி, எப்படித் தணிச்சீங்க?”

மாதவராஜிடம் அதற்கு எந்தக் காலத்துச் சொல்லும் இல்லை. என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா.”

எழுந்தேன். “ஒண்ணும் பண்ணலீங்க. ஒரு குடம் தண்ணிகூடத் தெளிக்கலீங்க.”

குள்ளம்மாள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்காரர் ஏதோ கேட்க, “இரு, அந்தப் பொண்ணு பேசுது,” என்று அடக்கினார்.

கூரை போட்டுச் சுற்றி அடைத்து, தண்ணீர் தெளிக்க வழிசெய்யும் வரை கிரஷர் ஓடக்கூடாது என்று உத்தரவு.

மார்ச் 7

மாதவராஜ் சத்தமே போடவில்லை. “உன்னை நிறுத்தல சமரீன். உன் வேலையை லெனிஃபை பண்ணிருக்கேன். நாளைலேர்ந்து வராத.”

மனிதர் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்.

மார்ச் 9

நோன்புக் கஞ்சியை ஊற்றிக்கொண்டே அக்கா அன்ஜும் கேட்டாள்: “வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?”

இருந்திருக்கலாம். முடியல. என்ன பண்றது?

ஏப்ரல் 17

இரண்டு பள்ளிக்கூடங்களில் கேட்டேன். இடமில்லை. வேலை விளம்பரங்களை வெட்டி அக்கா என் தலையணைமேல் வைக்கிறாள். அது இன்னும் மோசம்.

ஜூன் 2, திங்கள்

பாலக்கோட்டில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தாயிற்று. திரும்பும் பஸ்ஸில் குள்ளம்மாள் காலிக் கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூசி நின்றதில் புதுச் செடியில் நல்ல காய்ப்பாம். ஆனால் மண்டியில் விலை விழுந்துவிட்டது. ஏலம் விட்டவனையும் எடுத்தவனையும் அவர்கள் வம்சத்தையும் வழிநெடுகத் திட்டினார். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த இரண்டு வசவை நானும் சேர்த்துக்கொண்டேன். “இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லு கண்ணு,” என்றார்.