பத்து வரியில் உலகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய பெட்டிச் செய்திக்கு ஓர் ஆள் அகப்பட்டான். எல்லையோர ஊர் ஒன்றில் ஏதோ கட்டடத்துக்குள் அடைத்து வைத்திருந்தார்களாம். சப்பாத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்தவன், கரையேறியதும் முதல் வேலையாகச் சப்பாத்தைப் போட்டு நாடாவை முடிந்தானாம். அதற்குப் பிறகுதான் அழுதானாம். எங்கள் ‘இப்படியும் உண்டா!’ பெட்டிக்கென்றே பிறந்தவன்.

வந்தது இருபத்திரண்டு வரி. பெட்டியில் பத்துதான் கொள்ளும். பக்கம் கட்டுகிற வேலாயுதம் வழக்கம்போலக் கேட்டார்: “சபா, வால நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டா?” இடம் போதாவிட்டால் செய்தியைக் கீழிருந்து வெட்டுவது எங்கள் பத்திரிகையில் பதினெட்டு வருடப் பழக்கம். தலையில் விநோதம் இருக்கும், வாலில் விளக்கம் இருக்கும். விளக்கத்தை யார் படிக்கிறார்கள்? நானே வெட்டினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கிள்ளான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கொமுட்டர் ரயில் இரண்டு முறை நின்றுவிட்டது. வாசலில் எதிர்வீட்டு மாதவி. தினமும் கேட்கிற கேள்விதான். “அங்கிள், இன்னிக்கு உலகம் எப்படி?”

“இன்னும் சுத்துது லா.” இதுவும் தினமும் சொல்கிற பதில்தான்.

டிப்ளோமா முடித்து ஒரு வருடமாக வேலை தேடுகிற பெண். சிரிப்பு மட்டும் குறையவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இறந்துவிட்டதாகப் பதிவான ஒரு கிழவர் அரசு அலுவலகத்தில் உயிரோடு போய் நிற்கிறார். தாளில்லாமல் நம்பமாட்டோம் என்கிறார்கள். சிரிப்பதா அழுவதா? சரியாகப் பத்து வரி.

மார்ச் 17, திங்கள்

காலையில் கேட்டைத் திறக்கும்போதே மாதவியின் அப்பா நாகையா பிடித்துக்கொண்டார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். எங்கள் பத்திரிகையை, முக்கியமாக என் பெட்டியை, விடாமல் படிக்கிறவர்.

“அண்ணே, மாதவிக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. கஸ்டமர் சர்வீஸாம். தமிழும் இங்கிலீஷும் தெரிஞ்சா போதுமாம். டிக்கெட்டும் அவங்களே போடுறாங்க. நீங்க உலகத்தையே எழுதுற ஆளு. நீங்க சொன்னா அனுப்புறேன்.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. “நல்ல வேலதானே, போய்ப் பாக்கட்டும் லா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். ரயில் இருபது நிமிடம் தாமதம்.

மார்ச் 23, ஞாயிறு

மாதவி கிளம்பினாள். அவள் அம்மா சந்திரகலா நெத்திலிச் சம்பலைப் போத்தலில் அடைத்து, கசியாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் பை சுற்றிக் கொடுத்தார். “இனிமே உலகம் எப்படின்னு நான் உங்களுக்குச் சொல்றேன் அங்கிள்” என்றாள் மாதவி. டாக்சி திரும்பும்வரை கையசைத்தோம்.

ஏப்ரல் 9, புதன்

நாகையா கைப்பேசியை நீட்டினார். ஐந்து நாளாகத் தகவல் இல்லாமல் இருந்து இன்று வந்த ஒரே மெசேஜ்.

“அப்பா, உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க. ஆளுங்கள ஏமாத்தி மெசேஜ் போடச் சொல்றாங்க. போன் பண்ணாதீங்க, அடிப்பாங்க.”

அவ்வளவுதான். கொண்டெய்னர் லோரியை ஒற்றைக் கையால் திருப்புகிற மனிதர். கைப்பேசியைத் திருப்பி வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னீங்களேன்னுதாண்ணே அனுப்புனேன்” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அலுவலகத்தில் அந்தச் சப்பாத்துக்காரன் செய்தியைத் தேடி எடுத்தேன். நான் வெட்டிய பன்னிரண்டு வரியும் கணினியில் அப்படியே இருக்கிறது.

“வாடிக்கையாளர் சேவை வேலை என்று விளம்பரம் செய்கிறார்கள். பயணச்சீட்டையும் அவர்களே தருகிறார்கள். பல மொழி தெரிந்தவர்களைக் குறிவைக்கிறார்கள்.”

என் கண் இதைப் படித்திருக்கிறது. என் கை வெட்டியிருக்கிறது. பதிமூன்று நாள் கழித்து நாகையா வந்து அதே வார்த்தைகளை என் முன்னால் சொல்லியிருக்கிறார் — எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை! அந்த மூன்று வரி பெட்டியில் இருந்திருந்தால் அவரே படித்திருப்பார், என்னிடம் வந்திருக்கவே மாட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பார்கள் என்பார்கள். நான் பிடிக்க வாலும் இல்லாமல் செய்துவிட்டேன்.

பதினெட்டு வருஷமா என்னத்த எழுதிக் கிழிச்சே சபாபதி? ஒருத்தன் நாடா முடிஞ்சத எழுதுன. அவன் ஏன் ஓடி வந்தான்னு எழுதுனியா?

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. எதிர்வீட்டில் கோலம் இல்லை. எங்கள் வீட்டிலும் போடவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

நாகையாவோடு மூன்றாவது முறையாகப் போலீஸ் பாலாய்க்குப் போனேன். நிலையத்தில் எங்கள் புகாரைக் கவனிக்கிற அதிகாரி நல்ல பெண்மணி. புகாரை மேலே அனுப்பிவிட்டதாகவும், இன்னொரு நாட்டுக்குள் போய்த் தன்னால் கதவைத் தட்ட முடியாது என்றும் பொறுமையாகச் சொன்னார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: அங்கே மாட்டிக்கொண்டவர்களை முதலில் அவரவருக்குத் தெரிந்தவர்களின் எண்களுக்குத்தான் மெசேஜ் அனுப்ப வைப்பார்களாம், அதனால் சந்தேகமாக எது வந்தாலும் அழிக்க வேண்டாமாம். நாகையா தலையாட்டினார். இனிமேல் குளிக்கப் போகும்போதும் கைப்பேசியைக் கொண்டுபோவாராம்.

மே 8, வியாழன்

மாதவி போன நாட்டில் ஒரு கட்டடத்தில் சோதனை நடத்தி அறுபத்து மூன்று பேரை மீட்டிருக்கிறார்கள். அவர்களுடைய நாடுகளின் பட்டியல் செய்தியின் கடைசி வரியில். மூன்று முறை படித்தேன். அதற்குள் எங்கோ கேள்விப்பட்டு நாகையா அழைத்துவிட்டார்.

“அண்ணே, நம்ம நாட்டுப் பேரு இருக்கா?”

“இல்ல நாகையா.”

“சரிண்ணே. நாளைக்கு இருக்கும்.”

பத்தொன்பது வரி. ஒன்றையும் வெட்டமாட்டேன் என்றேன். வேலாயுதம் என்னைப் பார்த்தார், ராசிபலனைத் தூக்கிவிட்டு இடம் கொடுத்தார்.

மே 9, வெள்ளி

ராசிபலன் எங்கே என்று பதினோரு பேர் அழைத்தார்கள். செய்தியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மே 20, செவ்வாய்

காலையில் தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ். யாரோ ஒரு பெண்ணின் படம், வாயில் நுழையாத பெயர்.

“வணக்கம். இன்னிக்கு உலகம் எப்படி?”

இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அப்படியே எதிர்வீட்டுக்கு ஓடினேன். பார்த்ததும் நாகையா, “எம் பொண்ணுண்ணே! போன் போடுறேன்” என்று பாய்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பின்னால் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘மாதவி’ என்று ஒரு வார்த்தை போட்டாலும் அடி அவளுக்குத்தான்.

“இன்னும் சுத்துது லா” என்று மட்டும் அனுப்பினேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

“மகிழ்ச்சி. உங்களுக்கு முதலீட்டில் ஆர்வம் உண்டா? தினமும் காலையில் விளக்குகிறேன்.”

சந்திரகலா கண்ணாடித் திரையில் அந்த எழுத்துகளை விரலால் தடவினார். தடவியதில் பக்கம் மேலே ஓடிவிட்டது. மறுபடி இறக்கிக் கொடுத்தேன். நாளை பாலாயில் காட்ட வேண்டும். எழுதிக்கொள்வார்கள்.

எங்கள் மூவருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: பேச்சு நீளும்வரை அவள் அந்தப் பக்கம் இருப்பாள். நான் தட்டினேன்.

“ஆர்வம் உண்டு. ஆனால் எனக்குச் சீக்கிரம் புரியாது. ஒரு வரி விடாமல் கடைசிவரை சொல்லுங்கள். தினமும் காத்திருப்பேன்.”