துரை வண்டியின் புல்லி

1937 அக்டோபர் 19, செவ்வாய்

மலை எஸ்டேட் துரையின் பச்சைக் கார் மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மழைக்குக் கூரையை இழுத்துவிட்டால் தலை இடிக்கும். ஆனால் முன்பக்கம் ஒரு சூப்பர்சார்ஜர் வைத்திருக்கிறார்கள். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சமாசாரம். அது சுற்றினால் மேடேறும்போது வண்டிக்கு இரண்டு பங்கு மூச்சு. அதைச் சுற்றவைக்கும் பெல்ட் ஓடுகிற சக்கரமான புல்லியின் விளிம்பு உடைந்து, வளைவுக்கு வளைவு பெல்ட் கழன்று விழுகிறதாம். எஸ்டேட்டில் யாரோ புல்லியைக் கடப்பாரை வைத்து நெம்பினார்கள் என்று டிரைவர் ராஜையன் சொன்னான். நெம்பி எடுக்க அதென்ன மரச்சீனிக் கிழங்கா!

முதலாளி சாம்பசிவ ஐயர் எனக்குப் பின்னால் வந்து நின்று ஏதோ கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினேன். "என்ன ஓய் பிள்ளை, யோசனை பலமாக்கும்" என்றார். ஆமாம் என்று சிரித்துவைத்தேன்.

இங்கேயாவது உள்ளதை எழுதிவிடுகிறேன். என் காது போய்க்கொண்டிருக்கிறது. இடி கேட்கிறது, லாரி கேட்கிறது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சைக்கிள் மணி போயிற்று, தாழ்ப்பாள் போயிற்று. எதிரே நின்று பேசினால் ஒருமாதிரி சமாளிக்கிறேன். பதினெட்டு வருஷமாக இங்கே ஹெட் பிட்டர். சத்தத்தைக் கேட்டே வண்டியின் வியாதியைச் சொல்லுகிறவன் தாணு பிள்ளை என்று பெயர். காது கேளாத பிட்டரை எவன் வைத்துக்கொள்வான்? மனைவி பகவதியிடம்கூடச் சொல்லவில்லை. மறைப்பது வேலையைவிட அலுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 20, புதன்

எங்களிடம் இருக்கும், கவ்வி இழுத்துக் கழற்றுகிற மூன்றுகால் புல்லர் லாரி சக்கரத்துக்கு ஆனது. இந்தப் புல்லிக்குப் பின்னால் விரல்கூட நுழையாது. பழைய பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை ஒன்றை வெட்டி, நடுவில் திருகும் இரண்டு ஓரத்திலும் துளையும் போட்டு, சின்னதாக ஒரு புல்லர் செய்தேன். புல்லியின் முகத்தில் ஏற்கெனவே இருக்கிற இரண்டு துளைகளில் போல்ட்டை மாட்டி இழுக்கவேண்டியதுதான்.

ஞானசிகாமணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நட்டின் மேல் பாயப் பார்த்தான். கையைப் பிடித்துவிட்டேன். அது இடப்புரி. வழக்கம்போல் திருப்பினால் கழலாது, இறுகி முறியும். "அண்ணாச்சி இல்லேன்னா இன்னைக்கு நான் தொலைஞ்சேன்" என்றான். பாறசாலைக்காரன். முப்பத்திரண்டு வயது. வேலையில் சுத்தம், பேச்சிலும் சுத்தம். எனக்குப் பிறகு அவன்தான்.

அக்டோபர் 22, வெள்ளி

புல்லி கழன்று வந்துவிட்டது. இரண்டு நாள் ஆயிற்று. திருகை அரைச் சுற்று இறுக்குவது, காத்திருப்பது, திருகின் தலையில் லேசாக ஒரு தட்டு, மறுபடி காத்திருப்பது. அவசரப்பட்டால் புல்லியைத் தாங்குகிற தண்டு, ஷாஃப்ட், வளையும். பிடி விட்டதை மணிக்கட்டில்தான் உணர்ந்தேன். "டக்குன்னு என்னா சத்தம்!" என்று மற்றவர்கள் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 25, திங்கள்

புதுப் புல்லி மதராஸிலிருந்து வந்தது. துளை ஷாஃப்ட்டைவிட ஒரு மயிரிழை சிறிது. அப்படித்தான் இருக்கவேண்டும். எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் இரும்பு விரியும், கையாலேயே தள்ளி ஏற்றிவிடலாம். ஆறினால் கவ்விக்கொள்ளும். தகர டின்னில் தேங்காயெண்ணெயை ஊற்றி அடுப்பில் வைத்தோம். நேந்திரங்காய் உப்பேரி எப்போது ஆகும் என்று மற்றவர்கள் கேலி.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க எனக்கு ஒரே வழிதான். விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டுத் தெறிப்பேன். அது சீறுகிற சீறலில் சூடு இவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்று தெறித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு சொட்டு. ஞானசிகாமணி நாற்பதடி தள்ளி, இரும்பு கடைகிற லேத்தில் நின்றான். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பான். புகையைப் பார்த்து, போதும் என்று எடுத்துவிட்டேன்.

போதவில்லை. பாதி ஏறி நின்றுவிட்டது. திரும்ப இழுத்துக் காய்ச்சியிருக்கவேண்டும். பின்னால் முதலாளி நிற்கிறாரோ என்று ஒரு பயம். மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் ஒரே ஒரு அடி. ஏறிவிட்டது.

இந்த வேலையில் சுத்தியலைத் தொடாதே என்று எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன்! அடி புல்லியோடு நிற்காது. ஷாஃப்ட் வழியாக உள்ளே போய் பேரிங் குண்டுகளின் மேல் விழும். யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 26, செவ்வாய்

நூலைப் பிடித்து இரண்டு புல்லியும் ஒரே நேரில் இருப்பதைப் பார்த்தேன். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரி. என்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தேன். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது வெறும் மரப்பிடி.

ஞானசிகாமணி வாங்கிக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். பிறகு எனக்கு நேரே வந்து நின்றான். "அண்ணாச்சி, உள்ள ஒரு இரைச்சல் கெடக்கு. ராத்திரி சீவீடு கத்துற மாதிரி. தொறந்து பாத்துருவமா?"

"புது பெல்ட்டுல்லா, அப்படித்தான் கெடக்கும்" என்று எரிந்து விழுந்தேன். வண்டியின் வேலைச் சீட்டில் 'சரி' என்று எழுதினேன். வேலை பார்த்தவர் என்ற இடத்தில் எப்போதும்போல் அவன் பெயர். வண்டி போயிற்று.

அக்டோபர் 30, சனி

கல்லாறு தாண்டி ஏற்றத்தில் பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, என்ஜின் நின்று, வண்டி பின்னால் உருண்டு ஓடைச்சுவரில் மோதியது. ராஜையனுக்கு இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. நல்லவேளை மலைப்பக்கம் மோதியது. மறுபக்கம் என்றால் — வேண்டாம்.

துரையின் கடிதத்தோடு முதலாளி கடைக்கு நடுவில் நின்றார். "யார் மாட்டினது இத?" சீட்டைப் பார்த்தார். ஞானசிகாமணி என்னைப் பார்த்தான். நான் வாய் திறப்பேன் என்று பார்த்தான்.

நான் தரையைப் பார்த்தேன்.

அக்டோபர் 31, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று பகவதியிடம் சொன்னேன்.

நவம்பர் 1, திங்கள்

ஞானசிகாமணியை நிறுத்திவிட்டார்கள். இரைச்சல் இருக்கிறது என்று நான் சொன்னேனே, அண்ணாச்சிதான் கேட்கவில்லை என்று அவன் முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. ஸ்பேனர்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கிவைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

எலே தாணு, ஒனக்கு என்னதாம்லே வேணும்? அவன் சோத்தப் பறிச்சு நீ திங்கப்போறியா?

நவம்பர் 2, செவ்வாய். தீபாவளி

காலையில் பகவதி முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் நின்றேன். மாவு எண்ணெயில் விழுகிறது, நுரைக்கிறது, புரளுகிறது. சத்தமே இல்லை. தெருவில் வெடி போட்டால் மட்டும் நெஞ்சில் ஒரு குத்து. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன் — காது, சுத்தியல், ஞானசிகாமணி.

"காது வெசயம் எனக்கு ஆடி மாசமே தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். அது ஒடம்புக்கு வந்த தீனம், அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? ஆனா அந்தப் பையனப் பத்தி இப்பம் சொன்னீங்கள்லா, அது தீனம் இல்ல" என்றாள்.

எழுந்து போய் மறுபடி அடுப்பைத் தூண்டினாள்.

நவம்பர் 3, புதன்

கரமனை அக்ரகாரத்துக்கு, முதலாளி வீட்டுக்கே போனேன். சந்தியாவந்தனம் முடித்துவிட்டு வந்தார். நின்றபடியே சொன்னேன். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "ஏன் ஓய் அன்னைக்கே சொல்லப்படாதோ?" என்று இரண்டு தடவை கேட்டார். கொஞ்சநேரம் உலாத்தினார். பிறகு கிட்டே வந்து, "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். காது கேக்காத ஹெட் பிட்டர்னு ஊர்ல தெரிஞ்சா ஒரு வண்டி வராதாக்கும். ஞானசிகாமணிய நீரே போய்க் கூட்டிண்டு வாரும். நீர் எப்பவும்போல இரும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வழியில் ஆற்றுப் பாலத்தில் நின்றேன். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 5, வெள்ளி

பஸ் பிடித்துப் பாறசாலை போனேன். ஞானசிகாமணியின் மனைவி ரத்னாபாய் பால் விடாத கட்டங்காப்பி கொடுத்தாள். முகம் கொடுக்கவில்லை. நியாயம்தான்.

அவனிடம் காது விஷயத்தைச் சொன்னேன். உடனே அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்பம் அன்னைக்கு நான் சொன்னது ஒங்களுக்குக் கேக்கல்ல, அதான் காரியம், இல்லியா அண்ணாச்சி?"

எனக்காக ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான் பாவி. ஆமாம் என்றால் முடிந்தது. அவனும் நம்புவான், நானும் நாளடைவில் நம்பிவிடுவேன்.

"கேட்டுது. நீ நேரே நின்னுல்லா சொன்னே. நல்லாக் கேட்டுது" என்றேன்.

அவன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். நான் காப்பியைக் குடித்து முடித்தேன், வேறென்ன செய்ய? திரும்பி வந்து, "ஐயர் சாமி கூப்பிட்டாரு, அதுக்கு வாறேன். ஒங்களுக்காக வரல்ல" என்றான். சரி என்றேன்.

நவம்பர் 13, சனி

புதிய பேரிங் போட்டு, ஷாஃப்ட்டை லேத்தில் சீராக்கி, இன்று புல்லியை ஏற்றினோம். எண்ணெய் டின் பக்கத்தில் ஞானசிகாமணி நின்றான். நான் சொட்டைத் தெறித்தேன், அவன் கேட்டான். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் நினைத்ததைவிட வெகுநேரம் ஆயிற்று. பிறகு கையைத் தூக்கினான். சாக்கைச் சுற்றி எடுத்தேன், தள்ளினேன், போய் உட்கார்ந்துவிட்டது. வளையல் ஏறுகிற மாதிரி. அன்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் இவ்வளவுதான்.

துரையே மலையிறங்கி வந்திருந்தார். முதலாளி பக்கத்தில். கடை முழுக்க வேலையை விட்டுவிட்டு வேடிக்கை. என்ஜின் ஓடியது. ஞானசிகாமணி காதை வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் புருவம் சுருங்கியது.

"ஒண்ணு கெடக்கு. ரொம்பப் பொடிசு" என்றான்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி அவசரமாக என் பக்கம் திரும்பினார். பழக்கம். அல்லது என்னைக் காப்பாற்றுகிறாரோ என்னவோ. "பிள்ளைவாள், நீர் கேட்டுச் சொல்லும். நீர் சொன்னா சரி" என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

கையில் வாங்கினேன். காதில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் நின்று, தலையாட்டினால் போதும். பதினெட்டு வருஷத்துப் பெயர் அப்படியே இருக்கும். அவன் பயல், நான் ஹெட்.

எவ்வளவு களைத்துப்போயிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எனக்குக் கேக்காது சாமி" என்றேன். சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டும், எல்லோரும் திரும்பினார்கள். "காது போயி மாசக்கணக்காச்சு. போன தடவ பேரிங்க ஒடச்சதும் நான்தான், சுத்தியலால அடிச்சு. அவனுக்குக் கேக்குதுல்லா? அப்பம் உள்ள இருக்கு. கழத்தணும்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். என்ஜினை நிறுத்தினார்கள். நானே புல்லரை மாட்டினேன். சாயந்திரம் திறந்து பார்த்தபோது பேரிங் இருக்கும் குழியில் லேத்துத் தூள் ஒன்று, எள்ளில் பாதி, கிடந்தது. ஞானசிகாமணி அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினான்.

நவம்பர் 15, திங்கள்

ஹெட் பிட்டர் ஞானசிகாமணி. முதலாளி காலையில் சொன்னார். என்னை விடவில்லை, கழற்றுகிற மாட்டுகிற வேலைக்கு நான். வண்டியை அனுப்பினோம். சீட்டில் 'சரி' அவன் எழுதினான்.

வீட்டில் சொன்னேன். பகவதி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

நவம்பர் 19, வெள்ளி

வலிக்கிறது. ஏதாவது கேட்கவேண்டுமென்றால் இப்போது கஸ்டமர்கள் என்னைத் தாண்டி அவனிடம் போகிறார்கள். வலிக்காது என்று யார் சொன்னது?

மதியம் ராஜையன் வந்தான். கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில்தான். ஆபீசில் துரையின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் இருக்கும் இடத்துக்கு வந்தான். எழுந்து நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

அவன் நான் பார்க்கிற மாதிரி நேர் எதிரே வந்து நின்றான். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னான்: "வண்டி — மேலே — ஏறியாச்சு — அண்ணாச்சி."