கயிற்றின் மறுமுனை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

பயிற்சி முகாமுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பாட்டில் உப்புச்சப்பில்லை, மெத்தை பரவாயில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இன்று குதிக்கும் சோதனை. தரையில் பதித்த தட்டின்மேல் இடுப்பில் கைவைத்து நின்று எம்பிக் குதிக்க வேண்டும். கண் தெரியாதவளுக்கு இதைவிடச் சுகமான சோதனை கிடையாது. மேலே போனால் கீழேதான் வரப்போகிறோம். வழிகாட்ட ஆள் வேண்டாம். எங்கள் பிரிவில் நான்தான் அதிக உயரம் குதித்தேனாம்.

பயிற்சியாளர் அம்மா என் ஓட்ட நேரத்தையும் பார்த்துவிட்டு, "இந்தக் காலுக்கு இன்னும் வேகம் வரணுமே. கூட யாரு ஓடுறா?" என்றார். அக்கா என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

உன் வாலு

மார்ச் 11

வாலு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அவர் ஏன் பேச்சை மாற்றினார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன வருடத்திலிருந்தே கடைசிக் கட்டத்தில் நம் இருவர் கையையும் இணைக்கும் கயிறு என்னை முன்பக்கம் இழுக்கிறது. அப்புறம் எனக்காக நீயே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாய். வேறு துணை ஓட்டக்காரியைக் கேள்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தைச் செய்தி வாசிப்பதுபோல் போன் வாசித்துக் காட்டியது. உன் கோபம் மட்டும் அதற்கு வரவில்லை.

மாட்டேன். சின்ன வயதிலிருந்து உன் காலடிச் சத்தத்தை நம்பித்தான் ஓடுகிறேன். முன்பின் தெரியாதவளோடு என்னைக் கட்டிவிட்டு நீ தூங்குவாயா? நீ வராவிட்டால் தேர்வுப் போட்டியில் நான் ஓடப்போவதில்லை.

வாலு

மார்ச் 19

வாலு,

மிரட்டலுக்கெல்லாம் மசிகிற ஆளா நான்? பயிற்சியாளரிடம் பேசிவிட்டேன். கல்லூரி ஓட்டக்காரி ஒருத்தி வருவாள். "தங்கச்சி கோவக்காரி, ஆனா கடிக்க மாட்டா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தூக்கம் வராதுதான். அது என் பாடு. நீ ஓடு.

அக்கா

ஏப்ரல் 2

என் வாலுவுக்கு,

நேற்று மைதானத்துக்கு வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. என் குரல் கேட்டால் திரும்பிவிடுவாயோ என்று கடைசி வரிசையில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அந்தக் கல்லூரிக்காரியோடு ஓடி இரண்டாவதாக வந்து அணியில் இடம் பிடித்ததாக அறிவித்தபோது, நான் அழுத அழுகையில் பக்கத்தில் இருந்தவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இத்தனை வருடம் கூடவே ஓடியும், நீ ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. பாதையையும் எல்லைக் கோட்டையும் பார்த்தே பழகிவிட்டேன். ஓடும்போது நாக்கை ஓரமாகத் துருத்திக்கொள்கிறாய், தெரியுமா? யாரும் சொன்னதில்லையா?

அழகாக இருக்கிறது. மாற்றிக்கொள்ளாதே.

உன் அக்கா