தொட்டிக்குப் பின்னால் ஒரு கூடு

தர்ஷினியின் அம்மாவுக்கு,

போனில் கூப்பிட்டால் வைத்துவிடுகிறாய். அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். பூன் லேயில் மகள் வீட்டில் சுகம்தானே?

இங்கே நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவரில் எல்லோரும் சேர்ந்து ஓவியம் தீட்டுகிறோம். எனக்குக் கிடைத்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், அடியில் ஒரு சிவப்புப் பொட்டு.

மாதிரிப் படத்தில் அதன் புழுவும் இருந்தது. சின்னதில் காக்கை எச்சம்போல, வளர்ந்தால் பச்சை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். நம் கறிவேப்பிலைச் செடியில், "பாவம், தின்னுட்டுப் போகட்டும்" என்று நீ விட்டுவைத்தவை. நீ சந்தைக்குப் போன நேரம் பார்த்து நான் மருந்தடித்தவை. இதற்கெல்லாமா ஒருத்தி வீட்டைவிட்டுப் போவாள் என்று ஊரெல்லாம் கேட்டவனும் நான்தான்.

நேற்று எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமி சுவரைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகு லா, அங்கிள். உங்க செடியில பாத்துப் பாத்து வரைஞ்சீங்களா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒரு கூடு மட்டும் தப்பியிருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் இருந்ததால் என் கண்ணில் படவில்லை. இன்று அதன் தோல் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. நான் சுவரில் ஆளுயரத்துக்குத் தீட்டிய அதே இறகு, ஒரு திட்டுகூட மாறாமல், உள்ளே மடிந்து கிடக்கிறது.

நாளைக் காலை வெளியே வந்துவிடும் போலிருக்கிறது. முதல் ரயிலில் வா. செடி வாசலில்தானே இருக்கிறது, நீ வீட்டுக்குள் வரவேண்டாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன்.

தர்ஷினியின் அப்பா