தெளிய வைக்க என்ன போட்டீர்கள்

ஜனவரி 18, ஞாயிறு

காலை எட்டு வரை பனி. மலைக்கோட்டை தெரியவில்லை. துவைத்த துணி நாளைக்கும் காயாது.

செந்திலுக்கு வெள்ளிக்கிழமை பைபாஸ். மூன்று அடைப்பு. நாற்பத்தாறு வயதில். பெங்களூருக்குப் புறப்பட்டு வருகிறேன் என்றேன். "ஐ.சி.யு. வாசல்ல நீ உக்காந்திருக்கிறத நினைச்சாலே எனக்கு பி.பி. ஏறும்மா. வீட்டுக்கு வந்தப்புறம் வா." சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு பிரியா பேசினாள். மருமகள் வீகன் ஆகி ஒரு வருஷம். கறி, மீன் மட்டுமில்லை, பால், தேன்கூடக் கிடையாது. இனி அவனுக்கும் அதே சாப்பாடாம். அலமாரியை ஒழித்தாளாம். "வைன் பாட்டிலெல்லாம் கொட்டிட்டேனுங்க அத்தை. அதுல ஒண்ணு மீனோட காத்துப்பையைப் போட்டுத் தெளிய வைக்கிறதாம். திராட்சைச் சாறுதானேன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம்."

அப்படியா என்றேன். எந்த பாட்டில் என்று கேட்க முடியவில்லை. நான் குடிப்பது அவளுக்குத் தெரியாது.

செந்தில் எதையும் இரண்டாகத்தான் வாங்குவான். ஒன்று அவனுக்கு. ஒன்று எனக்கு.

ஜனவரி 19, திங்கள்

தூக்கமில்லை. பி.பி. 160/90.

அவர் இருந்தவரை இரவுச் சாப்பாட்டோடு அவருக்கு வைன் ஊற்றிக் கொடுத்தேன், நான் தொட்டதில்லை. அவர் போனபின் பாதி பாட்டில் மிச்சம். வீணாக்குவானேன் என்று குடித்தேன். பிடித்துவிட்டது. மூன்று வருஷமாக அரை டம்ளர், வாரம் மூன்று நாள். நான்கு ஆனதில்லை.

குடித்தது பயமில்லை. பயம் வேறு.

செந்திலுக்கு ஆறு வயதில் மூளைக் காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் டாக்டர் கையை விரித்தார். வராண்டாவில் நின்று பழனி இருக்கும் திசையைக் கும்பிட்டேன். பிள்ளையைக் கொடு, கறி, மீன், முட்டை இனி சாகும்வரை இந்த வாயில் படாது. மறுநாள் கண் திறந்தான். நாற்பது வருஷம். உப்புப் பார்க்காமலே அவருக்குக் கறி சமைத்தேன்.

இப்போது மறுபடி அவனை மேஜையில் படுக்க வைக்கப் போகிறார்கள்.

அவருடைய வேட்டி அலமாரியில் இருப்பவை:
1. நாசிக் சிவப்பு. பின்னால் பச்சைப் புள்ளி. சரி.
2. இத்தாலிச் சிவப்பு. வீகன் என்று இலை முத்திரை. சரி.
3. வெளிநாட்டு வெள்ளை. சல்பைட் உண்டு என்கிறது. கர்ப்பிணிகள் குடிக்காதீர் என்கிறது. வேறொன்றும் சொல்லவில்லை.

சொல்லவில்லை என்றால் இல்லை என்று ஆகாது. கம்ப்யூட்டரில் தேடினேன். முட்டை, பால் கலந்தால் பல நாடுகளில் லேபிளில் சொல்லியாக வேண்டும். மீன் பைக்குப் பல இடங்களில் விலக்கு.

மூன்றாவதில் பாதிதான் மிச்சம். இதற்கு முன் இதே வெள்ளையில் ஒன்று முடித்திருக்கிறேன்.

லேபிளில் இருந்த இறக்குமதிக்காரர் முகவரிக்கு மெயில் எழுதினேன். இதில் மீன் இருக்கிறதா?

ஜனவரி 20, செவ்வாய்

பதில் வந்தது. "எங்கள் வைன் நூறு சதவீதம் திராட்சையால் ஆனது."

கேள்வியை மறுபடி படி என்பார் எங்கள் கான்வென்ட் சிஸ்டர். இவர்களுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

பதினோரு மணிக்கு மும்தாஜ் வந்தாள். அடுத்த வீடு. தோல் வியாபாரக் குடும்பம். துபாயிலிருந்து யாரோ கொண்டு வந்த மிட்டாய் பாக்கெட். பிரிக்குமுன் திருப்பி, பின்பக்கப் பொடியெழுத்தை முழுக்கப் படித்தாள். எப்போதும் செய்வதுதான். இன்றுதான் கவனித்தேன்.

"ஒரு சாறு மும்தாஜ். தெளிய வைக்க என்னமோ போடுறாங்களாம். எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"என்ன சாறுக்கா?"

"பழச்சாறு."

"என்ன பழம்?"

"அது உனக்கெதுக்கு?"

"கோவப்படாதீங்க. எங்க அத்தா மண்டியில கழிச்ச தோல் துண்டு அம்புட்டும் ஜெலட்டினுக்குத்தான் போகும். அது மாத்திரையில இருக்கும், மிட்டாயில இருக்கும். அதான் திருப்பிப் பாக்காம எதையும் வாயில வைக்கிறதில்ல. 'இதுல இருக்கா'ன்னு கேட்டீங்கன்னா இல்லம்பான். போட்டுட்டு எடுத்திருப்பான்ல. 'செய்யயில போட்டீங்களா'ன்னு கேக்கணும்."

"எடுத்துட்டா சரிதானே?"

"அது அவங்கவங்க மனசுக்கா. எனக்கு ஏலாது."

அவள் போன பிறகு மிட்டாய் பாக்கெட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். எனக்கும் ஏலாது.

மாலை அவள் சொன்னபடி மெயில்: தெளிய வைக்க என்ன போட்டீர்கள்?

ஜனவரி 21, புதன்

பாட்டிலின் தொகுப்பு எண்ணை அனுப்பச் சொல்கிறார்கள். கண்ணாடி மேலேயே பொடியாகப் பொறித்திருக்கிறது. லென்ஸ் வைத்தும் தெரியவில்லை.

வேறு வழியில்லை. மும்தாஜைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"இது வைன்."

"தெரியும்க்கா."

"எப்படி?"

"காலிப் பாட்டிலப் பேப்பர்ல சுத்தி பழைய சாமான்காரன்கிட்ட போடுறீங்க. அவன் எங்க வாசல்ல வந்துதான் பிரிச்சு அடுக்குறான்."

மூன்று வருஷம். ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நான் என்னவோ பேப்பரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வேண்டுதலைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். கேலி செய்யவில்லை. பாட்டிலைத் தொடவும் இல்லை. நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொள்ள, முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தாள். "எல். ரெண்டு. நாலு. செத்த இந்தப் பக்கம் திருப்புங்க. ஏழு."

போகும்போது, "நல்ல பதிலா வரும், விடுங்க."

அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

வந்துவிட்டது. ஆம் மேடம், மீனிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறோம், பின்பு முழுவதும் வடிகட்டி நீக்குகிறோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

முதல் பாட்டிலைத் திறந்தது தீபாவளி வாரம். செந்திலுக்கு நெஞ்சு அடைத்தது கார்த்திகையில். படித்தவள் இப்படி முடிச்சுப் போடக்கூடாது. காலையிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளையைச் சாக்கடையில் கொட்டினேன். பல் தேய்த்தேன், இரண்டு முறை.

பழனிக்குப் போய்வரலாமா? கார் வைத்தால் ஒன்றரை மணி நேரம். தைப்பூசக் கூட்டம், ரோடு முழுக்கப் பாதயாத்திரை. போய் அங்கே நின்று என்ன சொல்ல? தெரியாமல் செய்தேன் என்றா? விசாரிக்காமல் செய்தேன். அதுதான் உண்மை. போகவில்லை.

மாலை ஆறு. செந்தில்.

"அம்மா, கொஞ்சம் பயமா இருக்கு."

பெரியவனான பிறகு அந்த வார்த்தையை அவன் வாயில் நான் கேட்டதில்லை.

"ஒண்ணும் ஆகாதுப்பா."

"எனக்காக விட்டியே, கறி, மீனு. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் வாயில வைக்கலதானே?"

"வைக்கல."

"தெரியாமக்கூட?"

"நான் யாருன்னு நினைச்ச? விசாரிக்காம எதையாவது வாயில வைப்பேனா?"

பெருமூச்சு விட்டான். "சரிம்மா. சாப்பிட்டுத் தூங்குறேன்."

போனை வைத்தேன். ஒரு பொய். அதுவும் இன்றைக்கு, அவனிடம்.

ஜனவரி 23, வெள்ளி

குளித்தேன். விளக்கேற்றினேன். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

7.00 உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.
8.30 தகவல் இல்லை. தெருவில் அரோகரா சத்தம். ஜன்னலைச் சாத்தினேன்.
9.15 மும்தாஜ் இட்லி கொண்டு வந்தாள். "ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க." ஒன்று சாப்பிட்டேன். அவள் போகவில்லை, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.
10.40 இல்லை.
11.30 இல்லை. நானாகக் கூப்பிடக் கூடாது என்று பிரியா சொல்லியிருக்கிறாள். எண்ணை எடுத்துவிட்டு வைத்தேன்.

12.20 பிரியா. முடிந்தது. மூன்று அடைப்பும் சரி செய்தாயிற்று. மூச்சு இன்னும் மெஷினில்தான். மாலை கண் விழித்த பிறகுதான் டாக்டர் முழுசாகச் சொல்வாராம்.

பிறகு அவள் சொன்னாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாருங்க அத்தை. அந்த வெள்ளை பாட்டில் உங்களுக்கும் ஒண்ணு கொடுத்தாராமே, அதுல மீன் போட்டது தெரிஞ்சதுல இருந்து நாலு நாளாச் சரியா சாப்பிடலீங்க. அம்மா விரதத்தை என் கையாலேயே உடைச்சிட்டனோ, அதான் எனக்கு இப்படியோன்னு ஒரே புலம்பல். நேத்து உங்ககிட்ட பேசினப்புறம்தான் தெளிஞ்சாரு. 'அம்மா அந்த பாட்டிலைத் தொடவே இல்ல போலிருக்கு, அவங்க விசாரிக்காம குடிக்க மாட்டாங்க'ன்னாரு. நல்லாத் தூங்கினாருங்க."

ஆமாம்மா என்றேன். தொடவே இல்லை.

அவன் கண் விழித்துக் குழாயை எடுத்ததும் முதலில் என்னோடு பேச வைப்பாளாம். ஆறு மணி ஆகலாம், ஏழு ஆகலாம். போனை சார்ஜில் போட்டிருக்கிறேன். மறுபடி கேட்டால் மறுபடி அதையே சொல்ல வேண்டும். குரல் நடுங்காமல்.